நாப்பத்தொண்ணாம் நம்பர் சளி

முதல்ல ஒண்ணு எழுதிக்கோங்க சார். மெர்லின் டாக்டர் மேல ஒரு தப்பும் கிடையாது. எழுதிட்டீங்களா? மெதுவா எழுதுங்க, எனக்கொண்ணும் அவசரமில்லை, மண்டிக்கு லீவு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். மெட்ராஸ்லேர்ந்து விசாரிக்க வந்த தணிகைவேலு சாருன்னுதான சொன்னீங்க? என் பேரு சீனியம்மா. உங்க ஃபைல்ல அந்தப் பேரைத் தேடாதீங்க, இருக்காது. நாப்பத்தொண்ணுன்னு இருக்கும் பாருங்க. ஆராய்ச்சியில சேந்துட்டா பேரு போயிரும், நம்பருதான்.

நீங்க சுத்தி வளைக்க வேண்டாம், சங்கதி எனக்குத் தெரியும். மாசி மாசம் நாப்பத்தொண்ணோட சளியில டி.பி. கிருமி கொட்டிக் கிடந்துச்சு. மூணு பிளஸ். பங்குனியில அதே நாப்பத்தொண்ணுக்கு ஒரு கிருமி இல்லை, சுத்தம். நடுவுல ஒரு டி.பி. மாத்திரைகூடக் குடுக்கலை. கிருமி என்ன பஸ் ஏறியா போயிருக்கும், அந்தப் பொண்ணு தன் ஆராய்ச்சி கெட்டுப்போகுமேன்னு ரிசல்ட்டை மாத்தி எழுதியிருக்கும்னு மெட்ராஸ்ல உங்க பெரியவங்க நெனைக்கிறாங்க. அது நெசமாச்சுன்னா மெர்லின் டாக்டரோட நாலு வருஷப் படிப்பு போச்சு, வாங்கப்போற பட்டமும் போச்சு. அதான? அதுக்குத்தான் நானே வந்துட்டேன். அந்த மூணு பிளஸ் சளி என் சளி இல்லை சார்.

ஏன் பேனாவைக் கீழ வெச்சுட்டீங்க? எடுங்க, எழுதுங்க. அது இன்னொருத்தியோட சளி. யாருன்னு கேக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரின்னு வெச்சுக்கோங்களேன். பேரைச் சொல்ல மாட்டேன்னு நான் சத்தியம் பண்ணியிருக்கேன். என் வாயிலேர்ந்து ஒரு ரகசியம் வெளிய போனதா இந்த ஊர்ல ஒருத்தர் சொல்ல முடியாது. அம்பத்திரெண்டாம் நம்பரு ரெண்டாங் கல்யாணம் முடிச்சு அதை மூத்தவளுக்குத் தெரியாம வெச்சிருக்கே, அதைக்கூட நான் யாருகிட்டயும் மூச்சு விட்டதில்லை.

மொதல்லேர்ந்து சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும். நான் மிளகா வத்தல் மண்டியில காம்பு கிள்ளுறவ. மூட்டையைப் பிரிச்சாலே நெடி தூக்கும். அங்க இருமாதவ யாரு? இருமலுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனா மண்டியையே இழுத்து மூட வேண்டியதுதான். நானும் தூசின்னுதான் நாலு மாசம் இருமிக்கிட்டுக் கிடந்தேன். முப்பத்தாறு கிலோவுக்கு வந்தப்புறம்தான் இங்க வந்து படுத்தேன். பெரிய வியாதி, அதான் சார் ஹெச்.ஐ.வி., அது எனக்கு ஏற்கெனவே இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு எனக்கு விட்டுட்டுப் போன சொத்து அது ஒண்ணுதான். அவரு போய் எட்டு வருஷமாச்சு. அது இருக்கிற உடம்புக்கு டி.பி. சீக்கிரம் ஒட்டிக்குமாம். ஆக எனக்கு ரெண்டும்.

அப்பதான் மெர்லின் டாக்டர் வந்தாங்க. நாகர்கோயில் பொண்ணு. இருபத்தொம்பது வயசு இருக்கும், அது பேசுறது எனக்குப் பாதி புரியாது, ஆனா கேக்க நல்லா இருக்கும். ரெண்டு வியாதியும் சேந்து இருக்கிறவங்களுக்கு டி.பி. மாத்திரை ஆறு மாசம் போதுமா, ஒம்பது மாசம் வேணுமா, அதான் அவங்க ஆராய்ச்சி. யாரு ஆறு, யாரு ஒம்பதுன்னு கம்ப்யூட்டரே பிரிச்சுப் போட்டுருச்சு. நான் ஆறு மாசக் கட்சி. மாத்திரையை முடிச்சப்புறமும் ரெண்டு வருஷம், மூணு மாசத்துக்கு ஒருக்கா சளி குடுக்கணும். திரும்ப வருதா இல்லையான்னு பாக்கணும்ல.

சம்மதப் பத்திரத்தை வாசிச்சுக் காட்டினாங்க. நாலு பக்கம். கடைசியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உங்களை மாதிரி ஆளு இல்லன்னா இந்த ஆராய்ச்சி நடக்காது சீனியம்மா"ன்னாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு. அப்புறந்தான் தெரிஞ்சுச்சு, அது அந்தப் பத்திரத்துலயே அச்சடிச்சு இருக்கு, எல்லாருக்கும் வாசிக்கிறதுதான்னு. அச்சடிச்சிருந்தா என்ன சார்? கையைப் பிடிக்கச் சொல்லி அதுல அச்சடிக்கலையே.

வீட்டுல எனக்கு என்ன மரியாதைன்னு நெனைக்கிறீங்க? ஒரே வளவுல நாலு வீடு, நாலு வீட்டுக்கும் ஒரு குழாய். நான் கடைசி ஆளாத்தான் தண்ணி பிடிக்கணும். பக்கத்து வீட்டுல காப்பி குடுத்தா எனக்குன்னு தனியா ஒரு எவர்சில்வர் தம்ளரு. மாறிறக் கூடாதுன்னு கடையில குடுத்து என் பேரையே வெட்டி வெச்சிருக்கு. என் கல்யாணச் சீர்ல வந்த பாத்திரம் அத்தனையிலயும் எங்க அப்பா பேருதான் இருந்துச்சு. என் பேரு வெட்டுன பாத்திரம் அது ஒண்ணுதான் சார்.

அப்படிப்பட்டவளை இங்க தேதி குறிச்சுக் கூப்பிடுறாங்க. ஒருநாள் பிந்திப்போனா ஃபோன் வருது. "சீனியம்மா, வரல்லியா? உங்களுக்காகத்தான் இருக்கேன்"னு ஒரு டாக்டர் கேக்குறாங்க. எனக்காக யாரு சார் இருந்தா?

சளி குடுக்கிறது சும்மா காரியமில்லை. எச்சி வேற, சளி வேற. புதுசா வர்றவங்க எல்லாம் எச்சியைத் துப்பிட்டு நிப்பாங்க, லேபுல திருப்பி அனுப்பிருவான். அடியிலேர்ந்து, நெஞ்சுக்குள்ளேர்ந்து கிளப்பணும். நான் அதுல கெட்டிக்காரி. முந்தானையில ஒரு வத்தல் முடிஞ்சு வெச்சிருப்பேன். அதை நெருப்புல காட்டி ஒரு மோப்பு மோந்தா, பொத்துக்கிட்டு வரும். மத்தவங்களுக்கும் சொல்லிக் குடுத்தேன். ஒருநாள் வெளிய வராண்டாவுல பதினோரு பேரு, பதினோரு வத்தல். பிரசவ வார்டு வரைக்கும் நெடி போயி, மூணு நர்சம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடி வந்தாங்க. அந்தக் கேஸு என் மேல நிரூபணம் ஆகலை.

சிரிக்காதீங்க சார், இனிமேதான் விவகாரம். மாத்திரை முடிஞ்சு, உடம்பு தேறி, அம்பத்தோரு கிலோ ஆயிட்டேன். தேறினதுதான் வம்பாப்போச்சு. சளி வரலை. ஐப்பசியிலேர்ந்தே வரலை. முக்கிப் பாத்தாச்சு, தலைகீழாக் குனிஞ்சு பாத்தாச்சு, வத்தலே தோத்துப்போச்சு. கார்த்திகையில எச்சியைத்தான் குடுத்தேன். "இது சளி இல்லை"ன்னு எழுதித் திருப்பிட்டான். மெர்லின் டாக்டர் அதைப் பாத்துட்டு, "பரவாயில்ல, அடுத்த தடவை பாப்போம்"னாங்க. சொன்னாங்க, ஆனா மொகம் சுண்டிப்போச்சு. சார்ட்டுல என் கட்டம் மட்டும் வெறுங்கட்டமா இருந்துச்சு. அடுத்த தடவையும் குடுக்கலைன்னா என்னைக் கழிச்சுக் கட்டிருவாங்க. அப்புறம் யாரு என்னைக் கூப்பிடுவா?

மாசியில ஒரு விடியக்காலம். டப்பாவை வெச்சுக்கிட்டுக் குழாயடியில உக்காந்திருக்கேன். வாய் கொப்புளிச்சுட்டு, ஒண்ணும் சாப்பிடுறதுக்கு முன்னாடி எடுக்கணும், அதான் சட்டம். இருமுறேன், இருமுறேன், வெறுங்காத்துதான் வருது. அந்நேரம் பக்கத்து வீட்டுக்காரி வந்தா. அவளும் நம்ம மண்டிதான், சல்லடை போடுற இடத்துல. வந்து நின்னு ஒரு இருமல் இருமுனா பாருங்க, வளவே கிடுகிடுத்துப்போச்சு. மூணு மாசமா காலையில இந்தக் கச்சேரிதான். கேட்டா தூசிம்பா. இருமிட்டுத் துப்புனா சார், கெட்டியா, மஞ்சளா. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. ஒரு சொட்டுக்கு நான் இங்க தவம் கிடக்கேன், அவ அதைச் சாக்கடையில கொட்டுறா.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இதுல கொஞ்சம் துப்புங்களேன்"னு டப்பாவை நீட்டினேன்.

"நீ தொட்டதை நான் எப்படிடி தொடுவேன்? கீழ வெச்சுட்டுத் தள்ளி நில்லு"ன்னா. வெச்சேன், தள்ளி நின்னேன். "என் சளி உனக்கு எதுக்கு?"ன்னா. எச்சியைக் குடுத்தா ஒத்துக்க மாட்டேங்கிறாங்க, நல்ல சளியா வேணும்னு சொன்னேன். கேட்டதும் மொகம் எப்படி மலந்துச்சுங்கிறீங்க! "அப்ப என் சளியைக் காட்டித்தான் நீ பாஸாகப் போறேன்னு சொல்லு. சுத்தமான சளிடி இது. அம்பத்து மூணு வயசுல ஒரு ஊசி கண்டதில்லை இந்த உடம்பு"ன்னா. சீலையைத் தூக்கிச் செருகிக்கிட்டுக் குனிஞ்சு, அன்னதானம் பண்ற தோரணையில நிறையத் துப்பிட்டு, "போதுமா, இன்னுங் கொஞ்சம் போடவா?"ன்னு வேற கேட்டா. எட்டு வருஷத்துல அவ எனக்கு மனசாரக் குடுத்த ஒரே பொருள் சார் அது.

மூடியைத் திருகி, நாப்பத்தொண்ணு சீட்டை ஒட்டி, ஜம்முனு கொண்டாந்து குடுத்தேன். மெர்லின் டாக்டர் வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, "சூப்பர் சாம்பிள் சீனியம்மா!"ன்னாங்க. அன்னிக்கு ராத்திரி நான் நல்லாத் தூங்கினேன். அதை எழுதிக்கோங்க. மனசுல கள்ளம் இருந்தா தூக்கம் வருமா?

எட்டாம் நாள் ஃபோனு. வந்தா, டாக்டர் கதவைச் சாத்துறாங்க. உக்காருங்கன்னாங்க. "சீனியம்மா, திரும்ப வந்திருக்கு. மூணு பிளஸ்." மூணு பிளஸ்ஸுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா, நான் இங்க பழந்தின்னு கொட்டை போட்டவ. கிருமி நிறைஞ்சு வழியுதுன்னு அர்த்தம். இன்னொரு டெஸ்டு எடுத்துட்டு வேற மருந்து ஆரம்பிக்கணும், ஊசியும் இருக்கும்னாங்க. ஆறு மாசக் கட்சியில மொத ஆளா நான் தோத்துட்டேனாம். சொல்லிட்டு எந்திரிச்சு பீரோப் பக்கம் திரும்பி ஃபைலைத் தேடுறாங்க. பீரோ பூட்டிக் கிடக்கு சார். பூட்டுன பீரோவுல என்ன தேடுறாங்க? தோளு குலுங்குது. அது தன் ஆராய்ச்சிக்கு அழுதுச்சா, எனக்கு அழுதுச்சான்னு இன்னிவரைக்கும் நான் கேக்கலை. எனக்குத்தான்னு வெச்சுக்கிட்டேன்.

அப்பவே சொல்லியிருக்கணும். நேரா வளவுக்குப் போனேன். குழாயடியில துணி அலசிக்கிட்டு இருந்துச்சு. "மதினி, உங்க சளிக்கு ரிசல்ட் வந்துருச்சு, மூணு பிளஸ்"னேன். துணியைப் போட்டுட்டு எந்திரிச்சு நின்னுச்சு பாருங்க. "பாத்தியா! நான் அப்பவே சொன்னேன்ல! மூணா? உனக்கெல்லாம் எத்தனை வரும், ஒண்ணா? அரையா?"ன்னு வளவு பூராக் கேக்குற மாதிரி...

என்ன சார்? மதினின்னா சொன்னேன்? இல்லையே, பக்கத்து வீட்டுக்காரின்னுதான சொன்னேன். பக்கத்து வீட்டுல மதினி இருக்கக் கூடாதா? எழுதிட்டீங்களா அதை? சரி, எழுதினது எழுதினதா இருக்கட்டும். எங்க வீட்டுக்காரரோட அக்கான்னு மட்டும் எழுதிறாதீங்க, கண்டுபிடிச்சுருவாங்க. அவருக்கு ஒரே அக்காதான்.

மூணு பிளஸ்ஸுக்கு அர்த்தத்தைச் சொன்னேன். மதினி நம்பலை. "உன் டப்பாவுல இருந்த கிருமிடி அது. என் சளி உள்ள போனதும் ஒட்டிக்கிச்சு"ன்னுச்சு. தம்பி போனதிலேர்ந்து அதுக்கு எல்லாக் கிருமியும் என்கிட்டேர்ந்துதான் கிளம்புது. "என் தம்பியை முழுங்கிட்டவ நீ"ன்னு சொல்லும். யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு ஊருக்கே தெரியும், மதினிக்கு மட்டும் தெரியாது. தெரியாதுன்னுதான் நானும் விட்டுட்டேன். இருக்கிறது ஒரு தம்பி, அவனும் போயாச்சு, அவன் பேராவது நல்லா இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

ரெண்டு நாளு. சோறு இறங்கலை. எனக்கு ஊசி போட்டா போட்டுட்டுப் போறாங்க, அந்த நோய் மதினி நெஞ்சுக்குள்ளல்ல இருக்கு? எனக்கு மருந்து குடுத்தா அது இருமல் நிக்குமா? மூணாம் நாள் வந்து டாக்டர்கிட்ட ஒண்ணு விடாமச் சொல்லிட்டேன். அவங்க தலையில கை வெச்சுட்டாங்க. "எனக்க தீசிஸை என்ன செஞ்சு வெச்சிருக்கிய சீனியம்மா! சளி வரல்லன்னா அதுதான் நல்ல சேதி. வரல்லன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிருப்பேனே!"ன்னாங்க. நல்லாக் கேட்டுக்கோங்க சார், இதை ஏன் எனக்கு மொதல்லயே யாரும் சொல்லலை? அந்த நாலு பக்கப் பத்திரத்துல இதுக்கு ஒரு வரி அச்சடிக்க எடமில்லையா? உங்க பெரியவங்ககிட்ட நான் கேட்டதாச் சொல்லுங்க.

அப்புறம் டாக்டர் ஒண்ணு சொன்னாங்க. "அவங்களை உடனே கூட்டிட்டு வாங்க. அதுவரை நீங்க தள்ளியே இருங்க. உங்களால அவங்களுக்கு ஒண்ணும் வராது. அவங்களாலதான் உங்களுக்கு ஆபத்து." இன்னொருக்கா சொல்லச் சொல்லிக் கேட்டேன். இன்னொருக்காவும் சொன்னாங்க. சார், அன்னிக்கு நான் பஸ்ஸுல போகலை, பறந்து போனேன்.

வளவுக்குள்ள நுழைஞ்சதும் முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டேன். பத்தடி தள்ளி நின்னுக்கிட்டேன். "மதினி, கிட்ட வராதீங்க, உங்களால எனக்கு ஆபத்தாம், டாக்டர் சொல்லிட்டாங்க"ன்னேன். எட்டு வருஷத்துக்கும் சேத்துச் சொன்னேன். இன்னும் நாலு வார்த்தை தயார் பண்ணி வெச்சிருந்தேன், எல்லாம் நல்ல நல்ல வார்த்தை. மதினி சண்டைக்கு வரும்னுதான் பாத்தேன். அது அப்படியே குழாயடி ஈரத்துலயே உக்காந்துருச்சு. சத்தமே இல்லாம, "சீனி, அப்ப எனக்கும் அதுவா?"ன்னுச்சு. பெரிய வியாதியைக் கேக்குது. நான் தயார் பண்ணினது அத்தனையும் மறந்துபோச்சு. பொத்தினதை எடுத்துட்டுக் கிட்டப் போயி உக்காந்துட்டேன். டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்துச்சு, ஆனா அந்நேரம் தள்ளி எப்படி சார் நிக்கிறது?

இங்க வர மாட்டேன்னு ஒரே அழுகை. அது மக பூங்கோதைக்கு ஆவணியில கல்யாணம், பேசி முடிச்சாச்சு. இந்த வாசல்ல மதினியைப் பாத்தா ஊரு என்ன பேசும்? நான் ஒரு யோசனை சொன்னேன். மெர்லின் டாக்டர்கிட்ட வந்து, "மாத்திரையை என் பேருலயே எழுதிக் குடுத்துருங்க, நான் கொண்டுபோயி அதுக்குக் குடுத்துர்றேன். என் பேருதான் ஏற்கெனவே கெட்டுப்போச்சே, அதுல இன்னொண்ணு சேந்தா கனக்கவா போகுது?"ன்னேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. முடியாதுன்னுட்டாங்க. எடை பாக்கணும், சக்கரை பாக்கணும், ஹெச்.ஐ.வி.யும் பாக்கணும், ஆளு வரணும்னுட்டாங்க. ஒருவழியா, மண்டித் தூசிக்கு அலர்ஜி மருந்து வாங்கப்போறோம்னு வளவுல சொல்லிட்டுக் கூட்டிட்டு வந்தேன்.

ரத்தம் குடுத்துட்டு ரிசல்ட்டுக்கு உக்காந்திருக்கோம். இந்தா, வெளிய இருக்கே, அதே பெஞ்சு. மதினி கையி என் கையைப் பிடிச்சிருக்கு, அதுக்கே தெரியாமப் பிடிச்சிருக்கு. சீட்டு வந்துச்சு. டி.பி. மட்டுந்தான், பெரிய வியாதி இல்லை. மதினி சாமியெல்லாம் கூப்பிட்டுக் கும்பிடுது. எனக்கும் சந்தோஷந்தான். சத்தியமா சந்தோஷந்தான். ஆனா ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன் சார். துணைக்கு ஒரு ஆளு கிடைக்கும்னு உள்ளுக்குள்ள நெனச்சிருக்கேன் போல. அது பாவம். அதை எழுத வேண்டாம்.

மாத்திரை ஆரம்பிச்ச மறுநாள் கூத்து. அந்த மாத்திரை போட்டா ஒண்ணுக்கு ஆரஞ்சுக் கலர்ல போகும், எல்லாருக்கும் அப்படித்தான். நான் வேணும்னே சொல்லாம விட்டுட்டேன். காலையில கக்கூஸ்லேர்ந்து, "ஏ சீனி! நான் சாகப்போறேன்டி!"ன்னு ஒரு அலறல். ஆத்தாடி, அந்த ஒரு அலறலுக்கே எனக்கு நாலு கிலோ ஏறியிருக்கும். இப்ப நாலு மாசத்து மாத்திரை முடிஞ்சுருச்சு, இருமல் நின்னுருச்சு, ஆளு உருண்டு திரண்டு இருக்கு. இனி அதுகிட்டேர்ந்து யாருக்கும் ஒட்டாதாம்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். இதையெல்லாம் டாக்டர் ஏன் ஃபைல்ல எழுதலை? எழுதத்தான் போனாங்க. பேனாவைத் தொறந்துட்டாங்க. நான்தான் கையைப் பிடிச்சேன். "நாப்பத்தொண்ணு அவ நாத்தனார் சளியைக் குடுத்தான்னு எழுதுனா, வளவுல எத்தனை நாத்தனாருன்னு எவனாவது கேக்க மாட்டானா? ஆவணி வரைக்கும் பொறுங்க, தாலி ஏறட்டும், அப்புறம் எழுதுங்க"ன்னேன். என்னை நம்பருலேர்ந்து எடுத்துருவாங்களேங்கிற பயமும் இருந்துச்சு, இல்லைங்கலை. அந்தப் பொண்ணு பேனாவை மூடி வெச்சுருச்சு. அப்புறம் உப்புத்தண்ணிப் புகையை எனக்குப் பிடிக்க வெச்சு, எப்படியோ என் சொந்தச் சளி துளியூண்டு எடுத்து, சுத்தம்னு வந்ததை மட்டும் எழுதுச்சு. மூணு பிளஸ் எப்படிப் போச்சுன்னு எழுதலை. நீங்க வந்து கேட்டப்பவும் அது வாயைத் தொறக்கலையாமே? பட்டம் போனாலும் போகுதுன்னு உக்காந்திருக்காம். அதான் சொல்றேன், அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் கிடையாது. என்னது, எழுதாம விட்டதே தப்பா? சரி சார், அந்தத் தப்பையும் என் பேருலயே எழுதிக்கோங்க.

பத்தாதா? நான் இம்புட்டு நேரம் தொண்டை வலிக்கச் சொன்னது பத்தாதா? சளிக்குச் சொந்தக்காரியே வந்து கையெழுத்துப் போடணுமா? சார், அது நடக்காது. ஆவணி பதினெட்டு கல்யாணம். பத்திரிகை அடிச்சாச்சு. மாப்பிள்ளைக்கு சாத்தூர்ப் பக்கம், தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிறவங்க, அவங்க அம்மா தும்முனாலே நாலு தடவை கையைக் கழுவுற ஆளு. இதுல மதினி வந்து கையெழுத்துப் போட்டு, அந்தப் பேப்பர் மெட்ராஸ் போயி, அங்கேர்ந்து யாரு கைக்குப் போகும்னு யாரு கண்டா? ரகசியமா வெச்சுக்குவீங்களா? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நான் ஒருத்திதான் வெச்சிருக்கேன்.

யாரு அது கதவுல? ஐயோ. மதினி! உங்களைக் கீழ மருந்து வாங்குற வரிசையிலதான நிக்கச் சொன்னேன், எதுக்கு மேல வந்தீங்க? என்னது? என் சத்தம் கீழ வரைக்கும் கேக்குதா? எங்கேர்ந்து கேக்குது? கக்கூஸ்ல அலறினதைச் சொன்னதுலேர்ந்தா? சார், இது வேற ஆளு. எனக்குத் தெரிஞ்சவங்க, சும்மா வந்திருக்காங்க.

விடுங்க மதினி. சாரோட பேனாவைக் குடுத்துருங்க. இது வெளையாட்டில்லை. பூங்கோதையை நெனச்சுப் பாருங்க. எங்க கையெழுத்துப் போடணும்னு கேக்குது சார். சொல்லாதீங்க. ஏன் சார் சொன்னீங்க? பாருங்க, பேரை முழுசா எழுதுது. குருவம்மாள். இன்ஷியலோட. நான் சொல்லலை சார், நீங்க சாட்சி, நான் சத்தியத்தைக் காப்பாத்திட்டேன், அதுவா எழுதுச்சு.

என்ன மதினி? சத்தமாச் சொல்லுங்க, சாருக்கும் கேக்கட்டும். "கல்யாணம் நின்னா வேற மாப்பிள்ளை பாத்துக்கிறேன். அந்த டாக்டர் பொண்ணும் ஒருத்தி பெத்த பொண்ணுதான்"ங்குது சார். இதைக்கூடவா எழுதுறீங்க? எழுதுங்க, எழுதுங்க. மதினி இப்படிப் பேசி நானே இன்னிக்குத்தான் கேக்குறேன். நான் ஒண்ணும் அழலை மதினி. வத்தல் நெடி. முந்தானையில முடிஞ்சிருக்கேன்ல.

சரி சார், டாக்டருக்கு இனி ஒண்ணும் இல்லைல்ல? பட்டம் வரும்ல? விளக்கம் எழுதிக் குடுத்தா போதுமா? நல்லது. இப்ப என் விவகாரம் ஒண்ணு பாக்கி. நாப்பத்தொண்ணு என்ன ஆகும்? ம். ம். தெரியும் சார். தெரிஞ்சுதான் கேட்டேன். ஹெச்.ஐ.வி. மாத்திரை எப்பவும் போலக் குடுப்பாங்க, உடம்பு எப்பவும் போலப் பாப்பாங்க, ஆராய்ச்சியில மட்டும் சேத்தி இல்லை. மூணு மாசத்துக்கு ஒருக்கா ஃபோன் வராது. அப்படித்தான? சரி.

இப்பவே நம்பரை அடிக்கப்போறீங்களா? ஒரு நிமிஷம் சார். கிறுக்கி அடிச்சிறாதீங்க. மெர்லின் டாக்டர் எதையாவது தப்பா எழுதிட்டா கிறுக்க மாட்டாங்க, வெள்ளையும் பூச மாட்டாங்க. குறுக்க ஒரே ஒரு கோடு, பக்கத்துல கையெழுத்து, தேதி. அடிச்சதுக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு யாரு வேணாலும் வாசிக்கிற மாதிரி இருக்கணுமாம், ஆராய்ச்சியில அதான் சட்டமாம். நீங்களும் அப்படியே அடிங்க. நாப்பத்தொண்ணு நல்லாத் தெரியணும்.

கோடு கோணக் கூடாது. மதினி, அந்த மேசையில ஸ்கேலு கிடக்கு பாருங்க. எடுத்து சாருகிட்டக் குடுங்க.